கென்யாவுக்கு இருபது கிலோ

முப்பத்தாறு வயசு வரைக்கும் நான் போன தூரமான ஊரு கொழும்பு. அதுவும் ஒரே ஒரு தரம், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு. அப்படிப்பட்டவளக் கூப்பிட்டு, "சிசிலி, கென்யாவுக்குப் போறியாம்மா?"ன்னு சிஸ்டர் பிலோமின் கேட்டா எனக்கு எப்படி இருக்கும்? யோசிக்கவே இல்ல. "போறேங்க சிஸ்டர்"னுட்டேன். கென்யா எந்தப் பக்கம் இருக்குன்னு அதுக்கப்புறம்தான் கேட்டேன்.

கந்தப்பளைக்கு மேல எங்க தோட்டத்துப் பிள்ளை மடுவத்துல நான் ஆயா. பொம்பளைங்க கொழுந்தெடுக்க மலைக்குப் போறப்ப கைப்பிள்ளைங்கள எங்கிட்டதான் விட்டுட்டுப் போவாங்க. இருபத்தாறு பிள்ளைங்க. ஒன்னு அழுதா இருபத்தஞ்சும் அழும். கென்யாவுலயும் தேயிலைத் தோட்டம் இருக்காம். அங்க பொம்பளைங்க பிள்ளைய முதுகுல கட்டிக்கிட்டே மழையில நின்னு கொழுந்தெடுக்குறாங்களாம். அங்க இருக்கிற கன்னியாஸ்திரிமாரு ஒரு பிள்ளை மடுவம் தொடங்கப் போறாங்க, அதை நடத்துறது எப்படின்னு காட்ட ஒரு ஆள் வேணும்னு கேட்டிருக்காங்க. மூணு மாசம். சிஸ்டரு, ஒரு நர்ஸ் பிள்ளை, நானு. எழுபத்தெட்டாம் வருஷம் இது.

எங்கப்பா பேர்ல பிரஜாவுரிமைப் பத்திரம் இருந்ததால எனக்கு பாஸ்போட் கெடச்சிச்சு. நாங்க குடியிருக்கிற லயத்துல, அந்த வரிசைக் காம்பராக்கள்ல, பாதிப்பேருக்கு அந்தப் பத்திரம் இல்ல. அதை நெனச்சு அன்னிக்கு எனக்கு சந்தோசத்தோட கொஞ்சம் கூச்சமாவும் இருந்திச்சு.

பக்கத்துக் காம்பரா வேலாயிக்கிட்டதான் முதல்ல சொன்னேன். என் வயசுக்காரி, தோட்டத்துலயே நல்லாக் கொழுந்தெடுக்கிறவ. சொல்லி வாய மூடல, ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டா. எங்க லயத்துல கடல் தாண்டிப் போறதுன்னா ஒரே அர்த்தம்தான், தலைமன்னார்ல கப்பலேறி இந்தியாவுக்குப் போறது. அப்படிப் போனவங்க யாரும் திரும்பி வந்ததில்ல. "மூணே மாசந்தான்டி"ன்னு நான் சொல்றது அவ காதுல ஏறவே இல்ல. சாயங்காலம் ஒரு அம்மிக்கல்லத் தூக்க முடியாம தூக்கிட்டு வந்து என் வாசல்ல வச்சா. "போறவங்க எல்லாம் அம்மி கொண்டுபோனாங்க. அங்க போய் நீ எதுல அரைப்ப?"

"ஏன்டி, பிளேன்ல அம்மிய வச்சா அது மேல ஏறுமா?"ன்னேன். அவளுக்குக் கோவம் வந்துருச்சு.

சிஸ்டர் பிலோமின் வேற மாதிரி ஆளு. ஏற்கனவே ரெண்டு தரம் ஆப்பிரிக்கா போய் வந்தவங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் என்னை உக்கார வச்சு, என்னென்ன செய்யணும்னு சொல்லுவாங்க. கன்வஸ் சப்பாத்து வாங்கினதும் சொன்னாங்க, "அங்க போய்ப் போட்டா கால் புண்ணாகிரும், இன்னிக்கே போடு." நான் சேலைக்குக் கீழ வெள்ளைச் சப்பாத்தப் போட்டுக்கிட்டு ஒரு மாசம் பிள்ளை மடுவத்துல நடந்தேன். தவழுற பிள்ளைங்க எல்லாம் அதைப் புடிச்சுக் கடிக்கும். பாஸ்போட்ட வைக்க ரவிக்கைக்கு உள்பக்கமா ஒரு பை தைக்கச் சொன்னாங்க. "அதை ராணிக்கும் காட்டாத, ராசாவுக்கும் காட்டாத. கேக்கிற ஆபீசருக்கு மட்டும் காட்டு." அதுல ஒரு பிரதி எடுத்து என்கிட்டயும், ஒரு பிரதி அவங்ககிட்டயும். டார்ச்சுக்குள்ள ஒரு பேட்டரிய தலைகீழாப் போடணுமாம், அப்பத்தான் பெட்டிக்குள்ள தானா எரிஞ்சு தீராது. இது எனக்கு ரொம்பப் புடிச்சிச்சு. லயத்துல எல்லார்கிட்டயும் சொன்னேன், எவகிட்டயும் டார்ச் இல்ல.

சேலைய மடிக்காத, சுருட்டு. ஊக்கு ஒரு அட்டை, துணி காயப்போட ஒரு கயிறு, சொந்தமா ஒரு தகரக் கோப்பை. கொதிக்க வச்ச தண்ணி மட்டும் குடி. மலேரியா குளிசைய போறதுக்கு ரெண்டு வாரத்துக்கு முந்தியே தொடங்கு, ஞாயித்துக்கிழமையில போட்டா மறக்காது. மஞ்சக் காய்ச்சலுக்குக் கொழும்புல ஊசி போட்டு, அதுக்கு அத்தாட்சியா ஒரு மஞ்சக் கார்டு குடுத்தாங்க. அந்தக் கார்டு இல்லாட்டி இறங்க விடமாட்டாங்களாம். கை ரெண்டு நாள் வீங்கிக் கெடந்திச்சு. எனக்கு அந்த வலி கூட சந்தோசமா இருந்திச்சுங்க, பொய் சொல்லல.

எல்லாத்துக்கும் மேல ஒன்னு சொன்னாங்க. "பெட்டி இருபது கிலோ. இருபதரை ஆகக் கூடாது. கூடினதுக்குக் கட்ட எங்கிட்ட சதமில்ல. கூடினா பெட்டியோட நீயும் கந்தப்பளைக்குத்தான்."

அந்த இருபதுல பன்னிரண்டு கிலோ மிசன் சாமான். பிள்ளைங்களுக்கு மருந்து, பாலூட்டுற கோப்பை, தொட்டில் கட்டுற துணி. அதுல கை வைக்கக் கூடாது. மிச்சம் எட்டு கிலோதான் எனக்கு. அந்த எட்டுக்குள்ள லயமே வந்து ஏறப் பாத்திச்சு. ராசம்மா ஒரு போத்தல் மாசிச் சம்பல் கொண்டாந்தா. வேலாயி அம்மிய விட்டுட்டு மொளகாத்தூளும் கருவாடும் கொண்டாந்தா. மருந்தடிக்கிற சோலைமலை, ஆப்பிரிக்காவுல சிங்கம் இருக்கும்னு தேயிலைச் செடி வெட்டுற ஒரு கவ்வாத்துக் கத்தியக் கொண்டாந்தாரு. கத்திய மட்டும் திருப்பிக் குடுத்துட்டேன்.

எடை பாக்குறதுக்கு எங்க போறது? அதுக்குத்தான் எங்கண்ணன் இருக்காரு. லியனார்ட் அண்ணன் எங்க தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. பதினோரு வருஷமா கொழுந்து மடுவத்துல நின்னு, நாளைக்கு மூணு தரம் கூடை கூடையா நிறுக்கிறவரு. தராசுல கூடைய மாட்டின உடனே முள்ளப் பாத்து எடையச் சொல்லிருவாரு, அந்த எடைக்குத்தான் கூலி. ஒரு கண் சிமிட்டுற நேரம் கூட ஆகாது. கோயில்ல வாசகம் வாசிக்கிறதும் அவருதான், என்னைக் கட்டுநாயக்கா ஏர்போட் வரைக்கும் கொண்டுபோய் ஏத்திவிடப் போறதும் அவருதான்.

கடைசிக் கொழுந்து நிறுத்து முடிஞ்சதும் என் பெட்டியத் தராசுல மாட்டினாரு. கூடையோட நின்ன பொம்பளைங்க அத்தனை பேரும் சுத்தி நின்னாங்க. "இருபத்தாறு"ன்னாரு. கம்பளிய வெளிய எடுத்தேன், ஒன்னரை கிலோ இருக்கும். ரெண்டு பழைய சேலை, மாசிச் சம்பல். "இருபத்துமூணு." ராசம்மா மூஞ்சி சுருங்கிப் போச்சு. இன்னும் சோப்பு, செபப் புத்தகத்துல ஒன்னு, ஒரு சட்டி. மறுபடி மாட்டினோம்.

"இருபது. சரியா இருபது"ன்னாரு அண்ணன். சோக்கட்டியால பெட்டி மேல பெரிசா எழுதினாரு. வேலாயி கையத் தட்டினா, அதப் பாத்து எல்லாரும் தட்டினாங்க. கருவாடும் மொளகாத்தூளும் உள்ளதான் இருந்திச்சு. அதை எடுக்க எனக்கு மனசு வரல.

மறுநாள் நானுஓயா ஸ்டேசன்ல கோச்சி ஏறினோம். கொழும்புல கன்னியர் மடத்துல தங்கி, அடுத்த நாள் மத்தியானம் கட்டுநாயக்கா. எனக்குக் கால் தரையில படல. பம்பாய் போய் அங்க மாறி நைரோபி. இந்த ரெண்டு ஊர்ப் பேரையும் நான் செபம் மாதிரி சொல்லிக்கிட்டே இருந்தேன்.

சிஸ்டரோட பெட்டி போச்சு, நர்ஸ் பிள்ளையோட பெட்டியும் போச்சு. என் பெட்டிய வச்சதும் டை கட்டின தம்பி ஒருத்தரு முள்ளப் பாத்துட்டு, "பர வெடி, நோனா"ன்னாரு. பாரம் கூடவாம். இருபத்திரண்டு.

சிஸ்டர் திரும்பிப் பாத்தாங்க. அண்ணன் முன்னால பாய்ஞ்சாரு. "உங்க தராசுதான் பிழை. நான் பதினோரு வருஷமா நிறுக்கிறேன், நானே என் கையால நிறுத்தேன்"னு சிங்களத்துல பாதி, இங்கிலீசுல பாதி. அந்தத் தம்பி கோவிக்கல. பெட்டியத் தூக்கி அடுத்த தராசுல வச்சாரு. அதுவும் இருபத்திரண்டு.

அண்ணன் தராசுக்கிட்டக் குனிஞ்சாரு. முள்ளையே பாத்துக்கிட்டு நின்னாரு. காதுப் பக்கமா வேர்வை ஓடிச்சு.

"சிசிலி"ன்னாரு மெதுவா. "நான் கழிச்சுட்டேன் போல."

"என்னத்தக் கழிச்சீங்க?"

"கூடைக்கும் கொழுந்து ஈரத்துக்கும். ரெண்டு கிலோ. கை பழக்கத்துல... முள்ளு இருபத்திரண்டுன்னா என் வாயில இருபதுதான் வருது."

"என் பெட்டியில எந்த ஈரம்ணே?"

பதிலுக்கு நிக்க எனக்கு நேரமில்ல, பின்னால வரிசை நீண்டுக்கிட்டுப் போகுது. நான் அங்கேயே தரையில உக்காந்து பெட்டியத் திறந்தேன். எத்தனை பேர் பாத்தாங்கன்னு தெரியாது, பாக்கட்டும். கருவாட்ட எடுத்து அண்ணன் கையில குடுத்தேன். மொளகாத்தூள எடுத்தேன். இன்னும் ஒரு கிலோ போகணும். மிசன் சாமான்ல கை வைக்க முடியாது. என் ரெண்டு சுவெட்டரையும் எடுத்துப் பாத்தேன். பெட்டியத்தான நிறுக்கிறாங்க, உடுத்தியிருக்கிறத யாரு நிறுக்கிறா? ஒன்னு மேல ஒன்னா ரெண்டையும் போட்டேன். கட்டியிருந்த சேலைக்கு மேல சால்வைய சுத்தினேன். கட்டுநாயக்கா வெயில்ல, நுவரெலியா பனிக்கு உடுத்தின மாதிரி நின்னேன். சிஸ்டர் பிலோமின் வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கிறாங்க.

பெட்டிய வச்சாரு தம்பி. பத்தொன்பதரை. "ஹரி, யன்ன"ன்னாரு, சரி போங்கன்னு. அவரு மூஞ்சியிலயும் சிரிப்பு. பெட்டி உள்ள போச்சு. அந்தப் பெட்டி போறதப் பாத்ததும், நான் போறேன், நெசமாவே போறேன்னு எனக்கு அப்பத்தான் நம்பிக்கை வந்திச்சு. ஓடணும் போல இருந்திச்சு.

ஆனா கோவமும் இருந்திச்சு. உள்ள போற கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்து அண்ணன்கிட்ட நின்னேன்.

"கூடை ஒரு கிலோ கூட வராது. வெயில் நாளையிலயுமா ஈரம்?"

"எனக்கு மேல இருக்கிற கண்டாக்கையா சொன்னது. நான் பொறுப்பு எடுக்கிறதுக்கு முந்தியே அப்படித்தான். எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் கழிக்கிறேன்."

"அம்மாவுக்கும் கழிச்சீங்களா?"

எங்கம்மா அந்தோனியம்மா சாகுற வருஷம் வரைக்கும் கொழுந்தெடுத்தா. சாயங்காலம் வந்து அடுப்புக்கிட்ட உக்காந்து விரலப் பாத்துக்கிட்டே இருப்பா. "இன்னிக்கும் கிலோ கொறஞ்சிருச்சு புள்ள. கை ஓட மாட்டேங்குது, வயசாயிருச்சு"ம்பா. அடுத்த நாள் காலையில பேரெடுக்கிற பெரட்டுக்கு எல்லாருக்கும் முந்திப் போய் நிப்பா. அதைக் கேட்டுக்கிட்டே அண்ணனும் அதே அடுப்புக்கிட்டதான் சோறு தின்னாரு.

"கழிச்சேன்"னாரு அண்ணன். கருவாட்டுப் பொட்டலத்த நெஞ்சோட புடிச்சுக்கிட்டு நின்னாரு. அவரு அழுது நான் பாத்ததில்ல, அன்னிக்குப் பாத்தேன். அடிக்கவும் தோணிச்சு, கட்டிப் புடிக்கவும் தோணிச்சு. சிஸ்டர் என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. ரெண்டும் செய்யாம ஓடிட்டேன்.

பிளேன் மேல ஏறினப்ப எனக்குப் பயமே வரல. ஜன்னல்ல மூஞ்சிய வச்சுக்கிட்டே போனேன். கென்யாவுல அந்த மலையப் பாத்தீங்கன்னா, அதே பச்சை, அதே பனி, கொழுந்தெடுக்கிற கை கூட அதே மாதிரிதான் ஓடுது. பத்து நாளைக்குள்ள பதினெட்டுப் பிள்ளைங்க என் மடுவத்துக்கு வந்துருச்சுங்க. கொண்டுபோன தொட்டில் துணி பத்தல. பாஷை தெரியாது, ஆனா அழுற பிள்ளைய எப்படித் தட்டணும்னு எனக்குத் தெரியும். மடுவத்துல என்னை 'மமா சிசிலியா'ன்னு கூப்பிட்டாங்க. சப்பாத்து காலக் கடிக்கவே இல்ல.

அஞ்சாவது வாரம் வேலாயிகிட்டருந்து காயிதம் வந்திச்சு. அவளுக்கு எழுத்துத் தெரியாது, ராசம்மா மகளப் புடிச்சு எழுத வச்சிருக்கா. முதல் பக்கம் பூரா நான் என்ன தின்னுறேன், எதுல அரைக்கிறேன்னு கேள்வி. கடைசியில இப்படி இருந்திச்சு.

"ஏ புள்ள, உனக்கு ஒரு அதிசயம் சொல்லணும். நீ போனதுலருந்து எனக்கு நாளைக்கு மூணு நாலு கிலோ கூட வருது. ராசம்மாவுக்கும் கூடியிருக்கு. புது உரத்தாலன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கென்னமோ என் கைதான் வேகமாயிருச்சுன்னு தோணுது. கண்டாக்கையா ஏன் கூடுதுன்னு உங்கண்ணன ஏசினாரு. அவரு, பொம்பளைங்க அப்படித்தான் எடுக்குறாங்கன்னு மட்டும் சொன்னாரு."

நான் மடுவத்து வாசல்லயே உக்காந்துட்டேன். சிரிச்சேன், அப்புறம் அழுதேன். மடியில ஒரு பிள்ளை என்னையே பாத்துக்கிட்டு இருந்திச்சு. சிஸ்டர்கிட்ட ஒரு தாள் வாங்கி அன்னிக்கே பதில் எழுதினேன். நடந்தது அத்தனையும் எழுதினேன், கட்டுநாயக்காவுல ரெண்டு தராசு சொன்னதும், அண்ணன் சொன்னதும். எங்கம்மாவுக்குச் சொல்ல வேண்டியதையும் சேர்த்து வேலாயிக்கு எழுதினேன்.

"உன் கை இப்ப வேகமாகல. எப்பவுமே அப்படித்தான்டி இருந்திச்சு."