ஒரு டம்ளர் பாலுக்கு நாலு கிலோமீட்டர்

"ஒன்றன்பால்னா ஒரே மாட்டோட பால். பலவின்பால்னா பல மாட்டோட பால். இதுல எது தாத்தா நெஞ்சுக்கு ஆகாது?"

இலக்கணப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு பேத்தி இப்படிக் கேட்ட அன்று, சாப்பாட்டு மேசையைச் சுற்றியிருந்த பெரியவர்கள் நால்வரும் சண்டையை மறந்து சிரித்தார்கள். தாத்தாவுக்குப் புரையேறிவிட்டது. "மெதுவா மாமா," என்று மருமகள் எழுந்து போய் அவர் தலையில் தட்டினாள்.

சண்டை என்னவோ பெரியதுதான். மூன்று மாதத்துக்கு முன் மாமா மாரடைப்பில் விழுந்து, கடவுள் புண்ணியத்தில் எழுந்து வந்திருந்தார். முப்பத்தைந்து வருஷம் பேருந்து ஓட்டியவர். விடிந்ததும் ஒரு டம்ளர் பால் குடிக்காமல் ஒரு நாளும் வண்டியில் ஏறியதில்லை. அவர் வீடு திரும்பிய அன்றே, அடுத்த தெருவில் குடியிருக்கும் அவருடைய மகள் வந்து பாலை நிறுத்திவிட்டாள்.

"மாட்டுப் பால் கொழுப்பு நேரா ரத்தக் குழாய்ல போய் உக்காந்துக்கும்பா. போன்ல படிச்சேன்."

"அதே போன்லதான் நானும் படிச்சேன்," என்றான் அவள் அண்ணன். "பால் குடிக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னு போட்டிருக்கு."

"உனக்குப் பிடிச்சதை மட்டும்தானே நீ படிப்ப!"

"நீ மட்டும் என்னவாம்? எது பயமுறுத்துதோ அதைத் தேடிப் பிடிச்சுப் படிக்கிற."

"என் நெஞ்சைப் பத்தி ஊருக்கே தெரிஞ்சிருக்கு," என்றார் மாமா. "எனக்குத்தான் ஒரு விவரமும் தெரியல."

மறுநாள் மகள் பாதாம் பால் வாங்கி வந்தாள். மாமா ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. இதைக் கறந்தது யாரும்மா?" என்று கேட்டார். எல்லோரும் சிரிக்க, அவள் மட்டும் சிரிக்கவில்லை. "மறுபடி உங்களை அந்த ஆஸ்பத்திரிக் கட்டில்ல பாக்க என்னால முடியாதுப்பா," என்றபோது அவள் குரல் உடைந்துபோயிற்று. அதற்குப் பிறகு மாமா பால் என்ற பேச்சையே எடுக்கவில்லை. சாப்பாடு பாதியானது. தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். இவரோ தெருமுனை வரைக்கும்கூடப் போகவில்லை. வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, போகிற பேருந்துகளின் எண்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து, திடீரென்று ஒரு காலை, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அடுத்த நாளும் போனார். போகப் போகச் சாப்பாடும் பழைய அளவுக்கு வந்தது.

"பாத்தீங்களா! பாலை நிறுத்தினதும் எப்படித் தெம்பு வந்திருக்கு!" என்று மகள் பூரித்துப்போனாள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டில் பாலைத் தெரிந்துவைத்திருப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் மருமகள் ஒருத்திதான். பால் பண்ணையின் மாடிச் சோதனைக் கூடத்தில் வேலை. கண்ணாடிக் குழாயில் பாலையும் அமிலத்தையும் விட்டு, சுழற்றி எடுத்தால், கொழுப்பு மஞ்சளாக மேலே வந்து நிற்கும். எத்தனை சதவீதம் என்று புள்ளி பிசகாமல் சொல்லிவிடுவாள். ஆனால் அந்தக் கொழுப்பு ஒரு மனிதரின் நெஞ்சில் போய் என்ன செய்யும் என்பதை எந்தக் குழாயும் அவளுக்குக் காட்டியதில்லை. அதனால் அவள் எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

ஒரு நாள் காலை ஏழு மணிக்குக் குழாய்களை அடுக்கிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். பண்ணை வாசலில் இருக்கும் பால் பூத்தில், அங்கே வழக்கமாக விற்கும் முழுக் கொழுப்புப் பாலை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார் மாமா. வெள்ளை மீசைக்கு மேல் இன்னொரு வெள்ளை மீசை. வீட்டிலிருந்து இங்கே இரண்டு கிலோமீட்டர். திரும்பிப் போக இரண்டு.

வீட்டில் சொன்னால் இந்த வயதில் அவருக்குத் தலைகுனிவு. சொல்லாமல் விட்டு, நாளைக்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால்?

கல்யாணமான புதிதில், இந்த வேலைக்கான பரீட்சையில் அவள் தேறவில்லை. முடிவு வருவதற்குள்ளேயே சொந்தக்காரர்கள் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். முடிவு வந்த அஞ்சலட்டை முதலில் மாமா கையில்தான் கிடைத்தது. அதைச் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டு போய், பேருந்து நிறுத்தத்தில் அவளிடம் தனியாகக் கொடுத்தார். "வண்டி நின்னுபோச்சுன்னா விட்டுட்டா போயிடுவோம்? மறுபடி ஸ்டார்ட் பண்ணுவோம்மா." ஆறு மாதம் கழித்து அவள் தேறும்வரை, கேட்டவர்களிடமெல்லாம் "அந்த ஆபீஸ்ல எல்லாம் மெதுவாத்தான் நடக்கும்" என்று சமாளித்தார். தன் மனைவியிடம்கூட அவர் வாய் திறக்கவில்லை.

மதியம் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவள் இதய டாக்டரைப் பார்க்கப் போனாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"பால் நல்லதா கெட்டதான்னு படிச்சவங்களே இன்னும் முட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. இவரோட ரத்தச் சோதனையைப் பாத்தா முழுக் கொழுப்பு வேண்டாம். கொழுப்பு எடுத்த பால் ஒரு டம்ளர் குடிக்கட்டும், சர்க்கரை இல்லாம. எவ்வளவு தூரம் நடக்கிறார்னு சொன்னீங்க?"

"போக வர நாலு கிலோமீட்டர், டாக்டர்."

"நான் கெஞ்சியும் நடக்காத மனுஷன்! அந்த பூத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோயிடாதீங்க. அடுத்த மாசச் சோதனை முடியட்டும், உங்க நாத்தனார்கிட்ட நானே பேசிக்கிறேன்."

மறுநாள் பூத்காரர் பால் பெட்டிகள் எடுத்துவரப் பண்ணைக்குள் போயிருந்தார். அந்தக் கால் மணி நேரத்துக்கு அவள்தான் பூத்தில் நின்றாள். சாலையில் வேறு யாரும் இல்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்த மாமா, "ஒரு டம்ளர், நல்லா சூடா" என்று சொல்லி நிமிர்ந்தார். அவருடைய வலது கால் தானாகவே பிரேக்கைத் தேடியது.

"நீயா?"

"குடிங்க மாமா. டாக்டரைக் கேட்டுட்டேன். கொழுப்பு எடுத்த பால், தினம் ஒரு டம்ளர். ஆனா நடந்துதான் வரணும். பஸ்ல வந்தா பால் கிடையாது."

"வீட்டுல..."

"வீட்டுல என்ன? நீங்க நடக்கப் போறீங்க, நான் வேலைக்கு வர்றேன்."

அவர் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷ நாக்கு ஏமாறுமா?

"ரொம்ப மெலிசா இருக்கேம்மா."

"மாடு பத்தியத்துல இருக்கு மாமா."

மாமா தோள் குலுங்கச் சிரித்தார். மிச்சத்தையும் ஒரே மூச்சில் குடித்து முடித்தார். பிறகு டம்ளரை அவள் கையில் கொடுத்து, "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி அவர் நடந்து போவதை, வளைவில் திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, குழாய்களைச் சுழற்ற மேலே போனாள்.