முத்திரை இல்லாத சுவர்

ஞாயிறு காலை பத்து மணிக்கு, ஆய்வாளர் காரின் ஸ்டீயரிங்கைத் தன் பழைய துண்டால் இருக்கையோடு சேர்த்துக் கட்டினார். தப்பியோடப் பார்த்த ஆளைக் கட்டுவது போல இரண்டு முடிச்சு. முப்பத்தொரு வருடம் கடை கடையாகப் போய்த் தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். முன் டயர் இரண்டும் ஓரத்தில் தேய்கின்றன, அலைன்மென்ட் பார்க்க ஒர்க்‌ஷாப்பில் விடலாமா என்று மனைவி கேட்டதற்கு அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டார்.

“அந்த மெஷினுக்கு யாரு முத்திரை வச்சிருக்கா?”

அவள் கார் சாவியை ஆணியில் மாட்டினாள்.

அவர் பார்த்த வீடியோவில் ஒருவன் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை நூல் கட்டி அளந்தான். நூலின் மேல் ஆய்வாளருக்கு மதிப்பில்லை, காற்றடித்தால் ஆடும். அதைவிட உசத்தியான ஒன்று அவரிடம் இருந்தது: போர்ட்டிகோவின் இடப்பக்கச் சுவர். வீடு கட்டும்போது ஒரு மாதம் லீவு போட்டு, குடையும் கையுமாக நின்று, கொத்தனார் வைத்த ஒவ்வொரு செங்கல்லுக்கும் அபிப்பிராயம் சொல்லி எழுப்பிய சுவர். காரைத் தரை டைல்ஸ் கோட்டின் மேல் நேராக நிறுத்தினார். சுவரிலிருந்து இடச்சக்கரத்தின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் டேப் பிடித்தார். இரண்டும் ஒத்துப்போகவில்லை. கார் வெட்கப்பட வேண்டிய வித்தியாசம். அடியில் படுத்து, சக்கரத்தைத் திருப்பும் டை ராடின் நட்டைத் தளர்த்தி, அரைச் சுற்று, கால் சுற்று, மறுபடி டேப். இடச்சக்கரம் சுவருக்குப் பணிந்ததும், வலச்சக்கரத்தை இடச்சக்கரத்துக்கு இணையாக்கினார். ஒரு மணிக்கு எழுந்தபோது முதுகு கோணியிருந்தது; மனம் நிமிர்ந்திருந்தது.

“இப்ப ஓட்டிப் பாரு. கையை விட்டாலும் அம்பு மாதிரி போகும்.”

அவள் தெருமுனை வரை போய்த் திரும்பினாள். கண்ணாடியை இறக்கினாள்.

“நேராத்தாங்க போகுது.”

“பாத்தியா!”

“வண்டி நேரா போகுது, ஸ்டீயரிங் கோணலா நிக்குது. எதிர்ல வந்த ஸ்கூட்டர்காரர் நான் திரும்பப் போறேன்னு நெனச்சு நின்னு வழி விட்டார். நல்ல மனுஷன்.”

“ஸ்டீயரிங் கம்பெனிக்காரன் மாட்டுனது. அதுக்கு நான் பொறுப்பில்ல.”

அவள் காரைப் பழைய இடத்தில் நிறுத்தினாள். இறங்கியவள் கீழே பார்த்தபடி நின்றுவிட்டாள். சுவரோரம் ஓடிய கடைசி டைல்ஸ் வரிசை கேட்டருகே நாலு விரல் அகலம்; உள்ளே போகப் போக மூன்றாகி, இரண்டாகி, வீட்டோடு சேருமிடத்தில் ஒரு விரலாக ஒல்லியாகியிருந்தது. பன்னிரண்டு வருடமாகத் தினமும் கூட்டிப் பெருக்கும் தரை.

அவள் விறுவிறுவென்று ஹாலுக்குள் போனாள். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது: கோணல் சுவரில். போர்ட்டிகோவிலிருந்து ஹாலுக்கு ஓடுவது அதே சுவர். ஹாலில் அதன் மேல் சாத்தி நின்றது அவள் அண்ணன், தச்சர், செய்துகொடுத்த தேக்கு அலமாரி. முதல் நாளே பின்பக்கம் சுவரோடு பொருந்தவில்லை. ஒரு முனை ஒட்டியது. மறுமுனையில் சீப்பும் ரிமோட்டும் விழுந்து காணாமல் போகுமளவு சந்து. “மச்சான், மூலைமட்டம் இல்லாம வேலை செஞ்சா இப்படித்தான்” என்று அன்று ஊரைக் கூட்டிச் சொன்னவர் ஆய்வாளர். அதன் பிறகு அண்ணன் வராமலில்லை. வருவார், போர்ட்டிகோவிலேயே உட்கார்ந்து டீ குடிப்பார், காற்று நன்றாக வருகிறது என்று சொல்லிப் போய்விடுவார். ஹாலுக்குள் மட்டும் கால் வைத்ததில்லை. பன்னிரண்டு வருடமாகத் தங்கையின் வீட்டில் அவருக்குக் காற்றுதான் பிடித்தது.

திரும்பி வந்தவள் கையில் போன் இருந்தது. அண்ணனுக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது.

“நீங்களே சொல்லுங்க.”

“நான் என்னத்தச் சொல்ல? அளவுல சின்ன...”

“ஏங்க.”

அந்த ஒரு சொல்லுக்கு முத்திரை தேவைப்படவில்லை. அவர் போனை வாங்கினார்.

“மச்சான்... கார்ல ஒரு சின்ன ஆராய்ச்சி பண்ணேன். அதுல ஒண்ணு தெரிஞ்சுது. அந்த அலமாரி... அது வந்து... சுவரு கொஞ்சம்...”

மறுமுனையில் மரம் சீவும் இழைப்புளிச் சத்தம் நின்றது.

“ரெண்டரை விரக்கடை, மாப்ளே. அன்னிக்கே மட்டம் வச்சுப் பாத்தேன்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“குடை பிடிச்சு நின்னு கட்டின மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றது? அலமாரி கோணல்னா என்னோட போச்சு.”

ஆய்வாளர் டேப்பைச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டார்.

“சாப்பாட்டுக்கு வாங்க, மச்சான். உள்ள. காத்து வேணும்னா ஃபேன் போடறேன்.”

அவள் போய் அழைத்து வந்தாள். கோணல் ஸ்டீயரிங்கோடு கார் கோடு கிழித்த மாதிரி நேராகத் தெருவில் வருவதை ஆய்வாளர் கேட்டிலிருந்து பார்த்தார். அண்ணன் இறங்கினார். கையில் அலமாரியின் நீளத்துக்கு ஒரு தேக்குச் சட்டம். ஒரு முனை பருமன், மறுமுனை போகப் போக இளைத்தது. இன்று அறுத்த மரம் இல்லை. வருடக்கணக்கில் எங்கோ பரணில் கிடந்து கருத்திருந்தது. பென்சிலில் ஓர் அம்புக்குறி, பக்கத்தில் மங்கலாக, ‘பருமன் வாசல் பக்கம்.’

ஹால் வாசலில் அண்ணன் ஒரு கணம் நின்றார். ஆய்வாளரின் கை வழக்கம்போல டேப் இருந்த பாக்கெட்டுக்குப் போனது. பாதியில் திரும்பி, சட்டத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டது.