மலை தெரியாத கார்த்திகை

அகல்களில் எண்ணெய் ஊற்றித் திரியும் போட்டாகிவிட்டது. வேதா தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். மலையில் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டில் விளக்கு. திருவண்ணாமலையில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் இந்த வருஷம் வேங்கிக்கால் வீட்டு வாசலிலிருந்து மலை தெரியவில்லை. எதிரே புதிதாக எழும்பிய நாலு மாடிக் கட்டடம் அதை முழுசாக விழுங்கியிருந்தது. ஓட்டு வீடு, ஏறிப் பார்க்க மாடியும் இல்லை.

"மலையே தெரியாத வீட்ல உக்காந்துகினு, மலைய விட்டுட்டு எப்படி வர்றதுன்னு அழுவுற," என்றான் கணவன் பிரகாஷ், சமயம் பார்த்து.

வாரமெல்லாம் சென்னையில் கம்பெனி வேலை, வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ், சாப்பிடும்போதும் காதில் போன். போதும் என்று அவன் முடிவெடுத்துவிட்டான். போர்ச்சுகலில் ஒரு சின்ன ஊர். தோட்டத்தோடு வாடகை வீடு, அரை நாள் வேலை, அரைச் சம்பளம். தோட்டத்தில் கத்திரிக்காய் போடலாம், சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து டீ குடிக்கலாம். விசாகூட வந்துவிட்டது. வேதா மட்டும் இன்னும் வாய் திறந்து சரி என்று சொல்லவில்லை.

"இன்னிக்காவது பதில் சொல்லிடு. டிக்கெட் போடணும்."

"கத்திரிக்கா போட போர்ச்சுகல்தான் போவணுமா? கீழ்பென்னாத்தூர்ல உங்க நிலம் இருக்குதே!"

"அங்க கத்திரிக்காய விட பங்காளிங்க ஜாஸ்திடி."

வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

சின்ன வயசில் ஒரு கார்த்திகை. மழை பெய்து, மேகம் இறங்கி, மலையே காணாமல் போயிருந்தது. கோயில் பக்கம் வெடி வெடித்தும் அம்மா திரியைத் தொடவில்லை. "கண்ணால பாக்கணும்டி" என்றாள். தெருவே இருட்டில் அண்ணாந்து நின்றது. மேகம் ஓரமாகக் கிழிந்து மிளகளவு வெளிச்சம் தெரிந்ததும் அப்பா "அரோகரா!" என்று கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. விரலில் பொரி உருண்டையின் பிசுபிசுப்புகூட.

போர்ச்சுகலில் எதைப் பார்த்து ஏற்றுவது? கேட்டால் பிரகாஷ் சிரிப்பான் என்று கேட்காமலே இருந்தாள்.

ஊரெங்கும் வெடி கிளம்பியது. "ஏத்தேன்," என்றான் பிரகாஷ். அவள் அசையவில்லை.

பக்கத்து வீட்டு மொட்டை மாடியிலிருந்து ஒரு குரல். பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த ஜீனத்.

"ஏய் வேதா, எரிஞ்சிடுச்சுடி! நல்லா பெருசா தெரியுது. ஏத்து!"

"நான் பாக்கலையே!"

"நான் பாத்தேன்ல? பெருநாளுக்கு ஊர்ல எல்லாருமா பிறை பாக்குறோம்? யாரோ ஒருத்தர் பாத்தேன்னு சொன்னா போதும், நாங்க சேமியா கிண்ட ஆரம்பிச்சுடுவோம்!"

வேதா ஒரு கணம் மாடியையே பார்த்தாள். பிறகு குனிந்து முதல் அகலை ஏற்றினாள். அடுத்ததை. அதற்கடுத்ததை.

"ஜீனத், நான் போர்ச்சுகல் போனா, அடுத்த வருஷம் போன்ல சொல்லுவியா?"

பிரகாஷ் சட்டென்று நிமிர்ந்தான்.

"சொல்லாம? அப்போ அங்க என்ன மணி?"

"மத்தியானம் பன்னண்டரை," என்றான் அவன் அவசரமாக.

"பட்டப்பகல்ல விளக்கா? கரண்ட் போயிடுச்சான்னு அந்த ஊர்க்காரன் கேக்கப் போறான்!"

"கேட்டா கேக்கட்டும்," என்றாள் வேதா. கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

பிரகாஷ் டிக்கெட் பார்க்கப் போனை எடுத்தான். அதைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, தீப்பெட்டியை அவன் கையில் வைத்தாள்.

"கடைசி விளக்கு நீங்க ஏத்துங்க. அப்புறம் டிக்கெட்."