ஈலாவின் குடம்

"கொடத்தக் குடு ஜீவா. நீ கொஞ்சம் பின்னுக்குப் போயிரும்மா."

லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பரா ரெங்கம்மா மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அவளுடைய இரண்டு கைகளும் குடத்தின் கழுத்தை விடவில்லை. விடிந்ததும் மலை ஊற்றுப் பீலியில் பிடித்து, மஞ்சள் கரைத்து, அறுகம்புல் போட்டு ஜீவராணி கொண்டுவந்த தண்ணீர் அது. அண்ணன் மகள் டிலானி வயசுக்கு வந்திருந்தாள். முன்வாசலில் பலகை போட்டு அவளை உட்கார வைத்திருந்தார்கள்.

"நான் தானே அத்தை, பெரியம்மா. மொதத் தண்ணி அத்தை தானே ஊத்துறது?"

"உன்ன யாரு கொறையாச் சொன்னா? புள்ள நல்லா இருக்கணும்ல."

ஜீவராணி அண்ணனைப் பார்த்தாள். விஜேந்திரன் கூரைத் தகரத்தைப் பார்த்தான். மழைக்காலம் முழுக்க அதில் ஓட்டை இருப்பது தெரியாதவனுக்கு அன்றைக்கு மட்டும் அங்கே ஏதோ தெரிந்தது. குடம் கை மாறியது.

புருஷனைப் பறிகொடுத்தவள் மங்கல காரியத்தில் கை வைக்கக் கூடாதாம். மடுல்சீமைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இதைச் சட்டமாக்கியது யாரென்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. காவல் காக்க மட்டும் லயத்துக்கு நாலு பேர் இருக்கிறார்கள். டிலானியின் தாய் குவைத்துக்கு வேலைக்குப் போன நாளிலிருந்து பிள்ளைக்குப் பேன் பார்த்தவள் ஜீவராணி. காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு பசறை பஸ்ஸுக்கு ஓடியவளும் அவள்தான். வயசுக்கு வந்ததைப் பிள்ளை ஓடிவந்து சொன்னதும் அவள் காதில்தான். தீட்டுத் துணி துவைக்க அவள் ஆகும். மூலையில் இருப்பவளுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுக்க ஆகும். ஒரு குடம் தண்ணீர் ஊற்றத்தான் ஆகாது.

பின்பக்கம் விறகு அடுக்கிய இடத்தில் போய் நின்றாள். குலவைச் சத்தம் கேட்டது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"அத்தை எங்க?" என்று பிள்ளை கேட்டதும் கேட்டது.

"வருவா. நீ தலையக் குனி" என்றாள் ரெங்கம்மா.

ஜீவராணி அழவில்லை. அழுதால் யாராவது வந்து தேற்ற வேண்டுமே, அதற்கு ஆளில்லை. எல்லாரும் முன்வாசலில் இருந்தார்கள்.

அவளுக்கென்று பேச ஓர் இடம் இருந்தது. அது லயத்தில் யாருக்கும் தெரியாது.

தமிழில் குரல் கொடுத்து டிவியில் ஒரு தொடர் போகிறது. ஏழு கோட்டைகள், சிறகு முளைத்த பாம்புகள், வாள் சுழற்றும் ராஜாக்கள் என்று லயமே வாய் பிளந்து பார்க்கும். அதில் தொடக்கத்திலேயே, இளவரசனுக்காகக் கோட்டைக் கதவைத் திறந்துவிடும் காவல்காரன் அம்பு பட்டுச் சாகிறான். இளவரசன் அவனைத் தாண்டிக் குதிரையில் போய்விடுகிறான். தண்ணீர்க் குடத்தோடு அவன் பெண்டாட்டி ஓடிவருகிறாள். அத்தோடு அவளைக் காட்டவில்லை, அவளுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. மற்றவர்கள் பாம்பைப் பார்த்தார்கள். ஜீவராணி அந்தக் குடத்தைப் பார்த்தாள். தேயிலைக் கவ்வாத்து வெட்டிய மலையில் புருஷன் சுரேஸைக் குளவி கொட்டிய அன்று அவளும் தேத்தண்ணிப் போத்தலோடுதான் ஓடினாள். அவனை ஏற்றிய லொறி போன பிறகும் போத்தல் கையில் சுட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் அப்புறம் என்ன ஆனாள்? தொடர் எடுத்தவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஜீவராணிக்கு இருந்தது. போனில் தட்டித் தட்டி எழுதத் தொடங்கினாள். அவளுக்கு ஈலா என்று பெயர் வைத்தாள். தாயில்லாத இளவரசியை அவள் கையில் கொடுத்து வளர்க்கச் சொன்னாள். எழுதியதைப் புனைபெயரில் இணையத்தில் போட, பதுளையில் ஸஹ்ரா என்ற பெண் அதை அழகாக வாசித்து, பதிவு செய்து, கேட்பவர்களுக்கெல்லாம் அனுப்பினாள். இருவரும் நேரில் பார்த்ததில்லை, போனில் எழுதிக்கொள்வதோடு சரி.

ஊரெல்லாம் சுற்றிக் கதை இதே லயத்துக்கும் வந்து சேர்ந்தது. ரெங்கம்மா ஒரு பகுதியையும் விடமாட்டாள். காம்பராக்களுக்கு நடுச்சுவர் கூரை வரை போகாது. தான் எழுதியதைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு ஜீவராணி கேட்பாள். அந்தப் பக்கம் ஈலாவுக்காக அழுகிறவர்களின் மூக்குச் சத்தமும் கேட்கும். அந்த நேரத்தில்தான் அவளுக்கு ரொம்பத் தனியாக இருக்கும்.

அந்த வாரம் எழுதியதில் இளவரசிக்கு முடிசூட்டு விழா வந்தது. முதல் குடம் ஆற்றுநீரை வளர்த்தவள் ஊற்ற வேண்டும். ஈலா குடத்தோடு வருகிறாள். அரண்மனைக் கிழவி ஒருத்தி குடத்தைப் பிடுங்கிக்கொண்டு, "நீ கொஞ்சம் பின்னுக்குப் போயிரும்மா. உன்ன யாரு கொறையாச் சொன்னா? புள்ள நல்லா இருக்கணும்ல" என்கிறாள். ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதினாள் ஜீவராணி.

பௌர்ணமிப் போயா லீவன்று மத்தியானம் ரெங்கம்மா வீட்டில் பெண்கள் கூடிவிட்டார்கள். ஸஹ்ராவின் குரல் அந்தக் கிழவி பேசுகிற இடத்துக்கு வந்தபோது ஜீவராணி எழுந்து உட்கார்ந்தாள். இப்போது தெரிந்துவிடும் என்று சுவர்ப் பக்கம் நகர்ந்தாள்.

"சண்டாளி" என்றாள் ரெங்கம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "வளத்தவளப் பாத்து பின்னுக்குப் போன்னு சொல்றாளே. எந்த ஊருக் கெழவியோ."

"இப்பிடியும் மனுசங்க இருக்கத்தான் செய்றாங்க" என்றாள் இன்னொருத்தி.

ஜீவராணிக்குச் சிரிப்பு வந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். கொடுக்கிறவளுக்கு அது ஒருநாளும் தெரிவதில்லை. இந்த ரெங்கம்மாதான் சுரேஸ் செத்த அன்று அவளை மடியில் போட்டுக்கொண்டு விடியவிடிய அழுதவள். கெட்டவள் இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

சுவருக்கு அப்பால் ரெங்கம்மா போனை வாயருகே வைத்துக்கொண்டு யாருக்கோ பேசி அனுப்புவது கேட்டது.

"மகளே, கதைய யாரு எழுதுறான்னு தெரியல. யாரா இருந்தாலும் சொல்லு. அந்த ஈலாப் புள்ள ஊத்தாம வேற யாரு ஊத்துறது? பெத்தாத் தான் தாயா? அடுத்ததுல அவள ஊத்த விட்டுரச் சொல்லும்மா. நெஞ்சு தாங்கல."

அது பதுளைக்குப் போய், கொஞ்ச நேரத்தில் ஜீவராணியின் கைக்குத் திரும்பி வந்தது. கூடவே ஸஹ்ரா எழுதியிருந்தாள்: "அக்கா, ஒங்கட கதயக் கேட்டு ஒராள் அழுதழுது பேசிரிக்கா. கேட்டுப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை டிலானிக்குப் பெரிய சடங்கு. அன்றும் தண்ணீர் ஊற்ற ஐந்து சுமங்கலிகளுக்கு ரெங்கம்மா சொல்லி வைத்தாயிற்று. ஜீவராணியிடம் களி கிண்ட மட்டும் சொல்லியிருந்தாள்.

ஜீவராணி ரெங்கம்மாவின் நம்பரை எடுத்தாள். குரல் பதிவுப் பொத்தானை அழுத்தினாள். பிறகு பேசினாள்.

"பெரியம்மா, ஜீவா பேசுறேன். ஈலா கதைய எழுதுறது நாந்தான். அந்தக் கெழவி பேசுனது நீங்க அன்னைக்கி வாசல்ல எங்கிட்டப் பேசுனது. அவள ஊத்த விடச் சொல்றீங்க. கதையில விட்டா, கண்ணத் தொடச்சிக்கிட்டு எந்திரிச்சிப் போயிருவீங்க. நான் விட மாட்டேன். ஞாயித்துக்கெழம டிலானி தலையில யாரு மொதக் கொடம் ஊத்துறாங்கன்னு பாத்துட்டுத்தான் மிச்சக் கதைய எழுதுவேன்."

அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். அந்தப் பக்கம் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. பிறகு சுவருக்கு மேலாக அவள் குரலே அவளிடம் வந்தது. "பெரியம்மா, ஜீவா பேசுறேன்..."

முடிந்ததும் யாரோ செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதே குரல் மறுபடியும் முதலிலிருந்து வந்தது.

ஜீவராணி கட்டிலுக்கு அடியிலிருந்த பித்தளைக் குடத்தை இழுத்தாள். ஒரு உருண்டைப் புளியை எடுத்துக்கொண்டு, ரெங்கம்மாவின் வாசல் வழியாகவே பீலிக்கு நடந்தாள். ரெங்கம்மா போனும் கையுமாக வாசற்படியில் நின்றாள். கண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

"கொடம் என்னத்துக்கு ஜீவா?" என்று கேட்டாள். கேட்ட குரலில் பழைய அதிகாரம் இல்லை.

"ஞாயித்துக்கெழமைக்கு பெரியம்மா" என்று சொல்லிவிட்டு, ஜீவராணி பீலிக்குப் போய் எல்லாரும் பார்க்கக் குடத்தைத் தேய்க்கத் தொடங்கினாள்.