கறுப்பு டேப்

எங்கள் வீட்டுச் சுவரில் என் பட்டமளிப்பு போட்டோ தொங்குகிறது. குடும்பத்திலேயே முதல் பட்டதாரி நான்தான். படத்தில் என் கண் இரண்டும் மூடியிருக்கும். "தூங்கிக்கிட்டே பாஸ் பண்ணிட்டியாடி?" என்று வருகிற அத்தைமார் எல்லாம் கேட்டாச்சு. எடுத்தவன் அப்போதே கேமராத் திரையைப் பார்த்திருந்தால் இன்னொன்று எடுத்திருப்பான். பார்க்கவில்லை, பாவி.

அதனாலேயே, ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, ஒவ்வொரு படத்துக்கும் கேமராவின் பின்பக்கத் திரையைப் பார்ப்பேன்.

"ஆரம்பிச்சுட்டாய்யா சிம்ப்பிங்கை" என்பார்கள் கூட வேலை செய்கிறவர்கள்.

"அப்படின்னா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

எங்கள் பெரிய போட்டோகிராபரை மாஸ்டர் என்போம். அவரே விளக்கினார். "சிம்பன்சி ஒரு படம் எடுக்கும், பின்னாடி பார்க்கும், 'ஊ ஊ'ங்கும். மறுபடி எடுக்கும், மறுபடி 'ஊ ஊ'. அதுல வந்த பேரும்மா."

"குரங்குக்காவது கண்ணு திறந்திருக்கு மாஸ்டர்."

சிரித்தார். அவர் கேமராவின் திரையில் கறுப்பு டேப் ஒட்டியிருக்கும். பிலிமில் பழகிய கையாம், பார்க்கத் தேவையில்லையாம். அவரைப் பார்த்து ஸ்டுடியோவில் எல்லோரும் ஒட்டிக்கொண்டார்கள். நான் ஒட்டவில்லை. அதனால் மேடைப் பக்கம் எனக்கு வேலையே கிடையாது. பார்வையாளர்களை எடுக்க வேண்டியது, பேட்டரி தூக்க வேண்டியது.

அன்று ஒரு கல்லூரிப் பட்டமளிப்பு விழா. முந்தின நாள் ஒத்திகை இருட்டு ஹாலில். கூட்டம் அதிகம் என்று விழாவைத் திறந்த மைதானத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டையைப் பிளக்கிற வெயில். பேட்டரி கொடுக்க மாஸ்டர் பக்கத்தில் போனேன். அவர் கேமரா 'க்ளி...க்' என்று இழுத்துக்கொண்டு மூடியது. இருட்டு ஹாலுக்கு வைக்கிற மெதுவான ஷட்டர் வேகம் அது; நேற்று ஒத்திகையில் வைத்தது அப்படியே இருக்கிறது. இந்த வெயிலில் எல்லாம் வெள்ளையாகிப் போகும். அவர் காதில் இயர்போன். மேடையிலிருந்து அடுத்து வருகிறவர் பேரை யாரோ அதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்; ஷட்டர் சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது.

"மாஸ்டர், செட்டிங்கை மாத்தல! டேப்பை எடுங்க!"

"போய் ஆடியன்ஸை எடும்மா. எனக்கே சொல்லித் தர்றியா?"

நானே டேப்பைப் பிய்த்தேன். திரையில் சுத்தமான வெள்ளைத் தாள். அடுத்ததைத் தள்ளினேன், வெள்ளை. அதற்கு முந்தியதும் வெள்ளை. இறங்கிப்போன பிள்ளைகள் ஒருத்தருக்கும் முகமே இல்லை.

மாஸ்டர் கேமராவைக் கீழே இறக்கினார். வேலை போனால் போகட்டும் என்று மேடையேறி மைக்கைப் பிடுங்கினேன்.

"இதுவரைக்கும் பட்டம் வாங்கினவங்க எல்லாரும் திரும்ப வாங்க. உங்க போட்டோ விழல."

"யாரும்மா நீ?" என்றார் கல்லூரி முதல்வர்.

"போட்டோகிராபர் சார். இவங்க அப்பா அம்மாவுக்கு இந்த ஒரு படம்தான் சார். வெள்ளைத் தாளையா சுவத்துல மாட்டுவாங்க?"

கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து கத்தினார்: "அந்தப் பொண்ணு சொல்றது நியாயம்! என் புள்ளய மறுபடி ஏத்துங்க!" பெற்றோர் வரிசை மொத்தமும் எழுந்துவிட்டது. முதல்வர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல் சான்றிதழை மறுபடி கொடுப்பதற்காகத் திரும்ப வாங்கினார்.

நடுவில் நின்றது நான், என் கேமராவோடு. மாஸ்டர் என் பேட்டரிப் பையைத் தூக்கிக்கொண்டார்.

முதலில் ஏறிய பெண்ணை எடுத்தேன். திரையைப் பார்த்தேன்.

"கண்ணை மூடிட்ட கண்ணு. இன்னொன்னு."

எடுத்தேன். பார்த்தேன். இரண்டு கண்ணும் பெரிசாக, வெயிலுக்கே சவால் விடுகிற மாதிரி.

"ஊ... ஊ..." என்றேன், மைக் பக்கத்தில் இருப்பதை மறந்து.

மைதானமே திருப்பிச் சொன்னது.