ஆட்டம் முடியுமுன் அச்சேறிய வெற்றி

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ராஜநாயகத்திடம் வீட்டில் யாரும் பேசவில்லை. யாரும் என்றால் மனைவி லூயிசா ஒருத்திதான். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். காபி வந்தது, சோறு வந்தது, துவைத்த வேட்டி மடிப்புக் கலையாமல் நாற்காலிக்கு வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. வகுப்பு முழுவதையும் ஒரு கனைப்பில் அடக்கிவிடும் கணக்கு வாத்தியார், சொந்த வீட்டில் உப்புக் கேட்க வழியில்லாமல் சப்பென்று சாப்பிட்டுவிட்டு எழுந்துகொண்டிருந்தார்.

அவர் செய்த குற்றம், உண்மையை எழுதியது. மயிலாப்பூரில் அச்சாகும் ஒரு வாரப் பத்திரிகையில் கால்பந்துப் பகுதி அவருடையது. வரப்போகும் ஆட்டத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று ஒரு ஞாயிறு ஜோசியம் சொல்வார். எப்படி ஜெயித்தார்கள் என்று அடுத்த ஞாயிறு விமரிசனம் எழுதுவார். ஜோசியம் பெரும்பாலும் பலித்தது. லஸ் முனை காபி கிளப்பில் ‘வாத்தியார் என்ன போட்டிருக்கார்?’ என்று பார்த்த பிறகுதான் வாய்ச்சண்டையே ஆரம்பமாகும். இந்த முறை கோப்பையின் இறுதியாட்டம். ஒரு பக்கம் சாந்தோம் கிளப், மறுபக்கம் பரங்கிமலைப் பட்டாளம். யுத்தம் முடிந்தும் ஊருக்குப் போகக் கப்பல் கிடைக்காமல் காத்திருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள். ஆளுக்கு ஆறடி உயரம், காலில் பூட்ஸ். நம்மவர்கள் வெறுங்கால். ராஜநாயகம் எழுதினார்: ‘பட்டாளம் மூன்று, சாந்தோம் ஒன்று. சாந்தோமின் கோல்கீப்பர் பந்து தலைக்குமேல் வந்தால் தடுமாறுகிறார்.’

அந்தக் கோல்கீப்பர் பவுல்சாமி, லூயிசாவின் தம்பி.

பெரம்பூர்ப் பக்கம் ஒரு மில்லில் பந்தாட்டத்துக்காகவே ஆள் எடுத்தார்கள். காலையில் தறிக்கூடத்தில் தலையைக் காட்டினால் போதும், சாயங்காலம் மைதானம், மாதம் பிறந்தால் சம்பளம். வேலை தேடி அலைந்து செருப்புத் தேய்ந்த பவுல்சாமியைப் பார்ப்பதற்காக அந்த மில் அதிகாரி இறுதியாட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் வீட்டுக்கும் இந்தப் பத்திரிகை போகிறது. “ஊரான்கூட இப்படி எழுதமாட்டான்” என்று பூசை முடிந்து வந்த கையோடு சொன்ன லூயிசா, அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. பவுல்சாமி கோபித்துக்கொள்ளாதது அதைவிடக் கொடுமை. “நீங்க எழுதினது நெசந்தான் மாமா. ஒசரத்துல வந்தா எனக்குக் கொஞ்சம் ஒதறுது” என்று சிரித்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை ஆட்டம் முடியும் நேரமும் பத்திரிகை மிஷினில் ஏறும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. அதனால் முக்கியமான ஆட்டங்களுக்கு ராஜநாயகம் முன்கூட்டியே இரண்டு விமரிசனம் எழுதிவைப்பார். ஜெயித்தால் ஒன்று, தோற்றால் ஒன்று. அச்சுக் கோக்கும் ஹனீஃபா மத்தியானம் வீட்டுக்கு வந்து இரண்டையும் வாங்கிப்போய்க் கோத்து வைப்பார். முடிவு தெரிந்ததும் ஒன்றில் கோல் கணக்கைத் திருத்திக்கொண்டு மற்றதைக் கலைத்துவிடுவார்கள். வெளியே தெரிந்தால் மானம் போகும். தெரியாதவரை கெட்டிக்காரத்தனம்.

தோல்வி விமரிசனம் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. வெற்றிதான் வம்பு பண்ணியது. ஒப்புக்கு நாலு வரி என்று உட்கார்ந்தவர், காபி ஆறி ஆடை கட்டியதுகூடத் தெரியாமல் எழுதிக்கொண்டே போனார். சாந்தோம் இரண்டு, பட்டாளம் ஒன்று. கடைசி நிமிஷத்தில் பவுல்சாமி பாய்ந்து பந்தைத் தட்டிவிடுகிறான். கூட்டம் அவனைத் தோளில் தூக்கிக்கொள்கிறது. ‘இந்தப் பிள்ளை என் மைத்துனன் என்று சொல்லிக்கொள்வதில் பெருமைப்படுகிறேன்’ என்று கட்டுரை முடிந்தது. நடக்கப்போகாத வெற்றி, யாரும் படிக்கப்போகாத கட்டுரை, என்ன எழுதினால் என்ன என்ற தைரியம்தான். நேரில் அவர் ஒருநாளும் அவனிடம் இப்படிச் சொன்னதில்லை. சொல்ல வராது. இரண்டையும் ஹனீஃபாவுக்காக மேஜைமேல் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மைதானத்துக்குக் கிளம்பினார்.

கடலைப் பார்த்த மைதானம். சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். நொச்சிக்குப்பத்திலிருந்து வந்தவர்கள் தெற்குப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு முதல் உதைக்கு முன்பே ரெஃபரியைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மில் அதிகாரிக்குப் பிரம்பு நாற்காலி போட்டிருந்தது. அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டார். ராஜநாயகம் வழக்கம்போல யாரோடும் சேராமல் கைகட்டி நின்றார். இடைவேளைக்குச் சற்று முன்னால் நெட்டைச் சிப்பாய் ஒருவன் எகிறித் தலையால் முட்டினான். பந்து பவுல்சாமியின் விரல்களுக்கு மேலே போய் உள்ளே விழுந்தது. ஜோசியம் பலித்துக்கொண்டிருந்தது. ராஜநாயகத்துக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

இடைவேளையில் ஹனீஃபா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டையெல்லாம் மை, வாயெல்லாம் பல்.

“இன்னா வாத்யாரே, மொகம் தொங்கிக்கினு கீது? நாமதான் ஜெயிச்சிட்டமே!”

“என்னய்யா உளர்றே? ஒரு கோல் வாங்கிட்டு நிக்கிறோம்.”

“அதெல்லாம் சரியா பூடும். ரெண்டுக்கு ஒண்ணு. கோத்து, முடுக்கி, மிஷின்ல ஏத்தியாச்சி. ஓடிக்கினு கீது.”

ராஜநாயகம் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார். “தோத்தது எங்கேய்யா?”

“அது வர்லியே. அம்மா ஒண்ணுதான் குட்த்தாங்க. இன்னொண்ண அடுப்புல போட்டாச்சி, அதுல மீன்கொழம்பு கொதிச்சிக்கினு கீதுன்னாங்க. கண்ணத் தொடச்சிக்கினே குட்த்தாங்க சார். சரி, வாத்யார் மனசு மாறிட்டாரு, ஒண்ணே போதும்னுட்டாருன்னு நெனச்சிக்கினேன். மொதலாளி அதப் பாத்துட்டு, ஆட்டம் நேத்தே முடிஞ்சிபோச்சின்னு நெனச்சி ஓட்டச் சொல்லிட்டாரு.”

“ஓடு! போய் நிறுத்தச் சொல்லு!”

“நிறுத்தி? வேற காயிதம் ஏது சார்? சர்க்காரு கோட்டாவுல இந்த வாரத்துக்கு வந்தது அவ்ளோதான்.”

ராஜநாயகம் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். நாளைக் காலை தம்முடைய பெயர் நாறும் என்பது ஒரு பக்கம். இந்த ஆட்டம் தோற்றால் பவுல்சாமி என்ன ஆவான்? பத்திரிகையில் மட்டும் பந்து பிடிக்கிறவன் என்று ஊரே சிரிக்கும். மில் வாசலில் அவனை யார் சேர்ப்பார்கள்? ஏன் அப்படி எழுதினோம் என்று நொந்துகொண்டவருக்கு, லூயிசா கண்ணைத் துடைத்துக்கொண்டு கொடுத்தாள் என்பது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அந்தக் கட்டத்திலும் அது இனித்தது.

இதற்குள் ஹனீஃபா மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டார். நாம் ஜெயித்த சங்கதி அச்சாகிவிட்டது என்று தெற்குப் பக்கம் கைதட்டியது. வாத்தியார் எழுதி எது தப்பியிருக்கிறது? ஆட்டக்காரர்கள் எலுமிச்சைத் துண்டைச் சப்பிக்கொண்டே ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பவுல்சாமி கயிற்றுப் பக்கம் ஓடிவந்தான்.

“இன்னா மாமா, பேப்பர்ல நாம ஜெயிச்சிட்டமாமே? என்னப் பத்தி இன்னா எழுதிக்கிறீங்க?”

ராஜநாயகம் தொண்டையைக் கனைத்தார். “நாளைக்குப் படிச்சிக்கோ. இப்ப போய் ஆடு.”

பிற்பாதியில் சாந்தோம்காரர்கள் பார்த்த வாத்தியாரை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை. மேல்துண்டைச் சுழற்றினார். பவுல்சாமியின் கோலுக்குப் பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினார். அவரிடம் அடி வாங்கிய பையன்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு அவரையே பார்த்தார்கள். சின்னப்பையன் என்ற முன்வரிசை ஆட்டக்காரன், பூட்ஸ் கால்களுக்கு நடுவில் எலிபோலப் புகுந்து ஒரு கோல் போட்டான். கொஞ்ச நேரம் கழித்து அவனே இன்னொன்றும் போட்டான். கூட்டம் குதித்தது. மில் அதிகாரி கொட்டாவியை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். சின்னப்பையன் மூன்றாவது தடவையும் பந்தோடு கோலை நெருங்கியபோது ஹனீஃபா தலையில் அடித்துக்கொண்டு அலறினார்.

“டேய், வேணாண்டா! ரெண்டுதாண்டா கோத்து வெச்சிக்கிறேன்!”

பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஹனீஃபா அல்லாவுக்கு நன்றி சொன்னார். பக்கத்திலிருந்த குப்பத்து ஆள் அவரை அடிக்கப் போனான்.

ஆட்டம் முடியப்போகும் சமயத்தில் சாந்தோம்காரன் ஒருவன் கையில் பந்து பட்டது. ரெஃபரி பெனால்டி என்று கை காட்டினார். அந்த நெட்டைச் சிப்பாயே வந்து பந்தை எடுத்து வைத்துக் கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டான். எதிரே பவுல்சாமி தனியாக நின்றான். மெலிந்த கால்கள், பெரிய பனியன், அவ்வளவுதான். ராஜநாயகத்தால் பார்க்க முடியவில்லை. பார்ப்பதற்காகவே பெயர் வாங்கியவர், பந்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

திரும்பிய திசையில், கயிறு முடியும் இடத்தில், லூயிசா நின்றிருந்தாள். அடுப்பிலிருந்து அப்படியே வந்தவள்போல முந்தானையில் மஞ்சள் கறை. அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு அப்பால் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, இவள் முகத்திலேயே தெரிந்துகொள்வோம் என்று அவர் அந்த முகத்தைப் பிடித்துக்கொண்டார்.

விசில் ஊதியது. பூட்ஸ் காலடிகள் கேட்டன. ஒரு உதை. லூயிசாவின் கை வாய்க்குப் போயிற்று. கண்கள் அகலமாகின. அகலமாகிக்கொண்டே இருந்தன. பிறகு அவள் குனிந்து, செருப்பு இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கயிற்றைத் தாண்டி, “ஏங்க! தட்டிவிட்டுட்டான், ஏங்க!” என்று கத்திக்கொண்டே அவரை நோக்கிப் புல்தரையில் ஓடிவரத் தொடங்கினாள்.