அடுக்குக்கு அடுக்கு

தம்பி பாடுவான், அக்கா ஒலியைப் பார்த்துக்கொள்வாள். மேடைக்கு அவர்கள் இரண்டு பேர்தான். தம்பி ஒரு வரியைப் பாடிக்கொண்டே காலால் பெடலை மிதிப்பான். கருவி அதைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும். அதன்மேல் இன்னொரு வரி, அதற்கும் மேல் இன்னொன்று. பாட்டு முடிவதற்குள் ஒற்றை ஆள் ஒரு கூட்டமாகிவிடுவான்.

பதிவாவதற்கு முன் குரல் அக்காவின் கம்ப்ரெஸர் வழியாகப் போகும். அந்தப் பெயரை முதலில் கேட்டபோது, "ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி இருக்குமே, அதுவா?" என்றான் தம்பி.

"அதேதான். ஐஸ் தண்ணி வேணும்னா எடுத்துக்க."

கத்தலை அமுக்கி, முணுமுணுப்பைத் தூக்கிவிடும் பெட்டி அது. அளவாகத் திருகினால் எல்லா அடுக்கும் தெளிவாக நிற்கும். அந்த அளவு அக்காவின் காதில் இருந்தது.

அன்று மாலை சின்ன அரங்கம். ஒத்திகையிலேயே, "நீ மெதுவா பாடுறது ஸ்பீக்கர்ல வரவே மாட்டேங்குது" என்று அக்கா குமிழைத் திருகிக்கொண்டே போனாள். தம்பி தன் வரியைப் பாடிக்கொண்டே போனான். அக்கா செய்தால் சரியாகத்தான் இருக்கும்.

பாட்டு தொடங்கியது. அவன் மூச்சு வாங்கிய இடைவெளியில், தலைக்கு மேலிருந்த ஏசியின் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலைக் கம்ப்ரெஸர் தூக்கிக் கொடுத்தது. அதுவும் பதிவானது. ஒவ்வோர் அடுக்கிலும் அது ஏறியது. தம்பி மைக்கைக் காட்டி முகம் சுளித்தான். குரல் போதவில்லை என்கிறான் என்று நினைத்து அக்கா இன்னும் கூட்டினாள்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள். பின்னாலிருந்தவர்கள் எழுந்து போனார்கள். தம்பி பெடலை மிதித்து எல்லாவற்றையும் நிறுத்தினான்.

"ஏன்டா நிறுத்துன? அழகா வந்துட்டிருந்துச்சே."

"ஏசி சத்தம்க்கா. பாட்டையே முழுங்கிடுச்சு."

"எந்த ஏசி?"

அது இன்னமும் இரைந்துகொண்டுதான் இருந்தது. தம்பி அண்ணாந்து பார்த்தான். அக்காவும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

காது டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "போனது போனதுதாம்மா. மெஷின் வச்சா பேச்சு புரியும். இந்த வேலைக்கு உதவாது."

"லைட்டைப் பாத்தே பண்ணிடுவேன்டா" என்று அக்கா வீட்டில் பெட்டியை மறுபடி இணைத்தாள். தம்பி பாடப் பாடப் பச்சை விளக்குகள் ஏறி இறங்கின. சத்தம் எவ்வளவு என்று அவை சொல்லும். குரல் எது, இரைச்சல் எது என்று அவற்றுக்குத் தெரியாது. மின்விசிறியையும் தெருவையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வந்தது பாட்டு.

"எப்படிடா இருக்கு?"

"நல்லா இருக்குக்கா."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவன் பார்த்தான். இரண்டாம் முறை அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அக்கா பெட்டியை அணைத்தாள். கேபிளைச் சிக்கில்லாமல் சுற்ற ஆரம்பித்தாள். "வேற ஆளைப் பாத்துக்கடா."

"வேற யாரும் வேணாம்."

"அப்ப பாடாமலே இருந்துடுவியா?"

அவன் என்னவோ பதில் சொன்னான். குனிந்துகொண்டு சொன்னதால் அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொல்லி அவள் கேட்கவும் இல்லை.